மாஜாங் காய் வளையலான கதை

1923ஆம் ஆண்டு வாக்கில் சிகாகோ இறைச்சிக்கூடங்களில் அறுபட்ட மாடுகளின் கால் எலும்புகள் கப்பலேறி ஷாங்காய் போயின. அங்கே அவற்றைக் கொழுப்பு நீக்கி வெளுக்கவைத்து, பட்டைபட்டையாக அறுத்து, மூங்கில் துண்டுகளோடு பொருத்தினார்கள். பிறகு பூவும் பறவையும் சீன எழுத்தும் செதுக்கி வண்ணம் ஏற்றினார்கள். போன எலும்பு, மாஜாங் என்ற சீன ஆட்டத்தின் காயாகி, பசிபிக் கடலைத் தாண்டி மறுபடி அமெரிக்காவுக்கே வந்து சேர்ந்தது. நியூயார்க்கிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் வரவேற்பறை மேசைகளில் கலகலவென்று புரண்டது. நூறு ஆண்டு கழிந்த இன்று, அந்தக் காய்களில் பல துளை போடப்பட்டு, எலாஸ்டிக் நூலில் கோக்கப்பட்டு, பெண்களின் மணிக்கட்டில் ஏறியிருக்கின்றன.

பழைய விளையாட்டுக் காயை நகையாக்குவது இணையக் கடைகள் வந்தபின் கிளம்பிய மோகம் என்று பலர் நினைக்கிறார்கள். மாஜாங்கின் கடந்த காலத்தைக் கொஞ்சம் கிளறினால் அந்த நினைப்பு நிற்காது. இந்தக் காய் சீட்டுக்கட்டிலிருந்து வந்தது, இறைச்சிக்கூடத்தின் கழிவில் உருவெடுத்தது, பின்னர் வேதியியல் கூடத்துப் பிசினுக்கு மாறியது. அந்தப் பிசினில்தான் அதே காலத்தில் வளையல்களும் செய்தார்கள். காய்க்கும் நகைக்கும் நடுவில் இருந்த தூரம் எப்போதுமே ஓரடிதான்.

1920களில் மாஜாங்கை விற்ற அமெரிக்க வியாபாரிகள், இது கன்ஃபூசியஸ் காலத்து ஆட்டம் என்றும் பல நூற்றாண்டுகள் அரண்மனைக்குள் ரகசியமாக ஆடப்பட்டது என்றும் கதை கட்டினார்கள். ஆட்டத்தின் உண்மையான வயது அவ்வளவு இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், சீனாவின் கிழக்குக் கரையில், நிங்போவையும் ஷாங்காயையும் சுற்றிய வட்டாரத்தில் அது இன்றைய வடிவத்துக்கு வந்தது. சீனச் சுங்கத் துறையில் பணியாற்றிய ஜார்ஜ் குளோவர் என்ற அமெரிக்கர் 1870களில் சேகரித்த காய்கள்தாம் நமக்குத் தெரிந்த மிகப் பழைய செட்டுகளில் சேரும். அதற்கு முன்னால் அதே சின்னங்களோடு காகிதச் சீட்டுகள் இருந்தன.

அந்தச் சின்னங்களைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஒரு செட்டில் 144 காய்கள். அவற்றில் 108 காய்கள் மூன்று வரிசைகளைச் சேர்ந்தவை. முதல் வரிசையில் வட்டங்கள். இரண்டாவதில் மூங்கில் கழிகள். மூன்றாவதில் எண்ணும் அதன் கீழே சீன எழுத்து ஒன்றும். வட்டம் என்பது நடுவில் ஓட்டையுள்ள சீனக் காசு. மூங்கில் போலத் தெரிவது காசுகளைக் கோத்த சரடு. மூன்றாவது வரிசையின் எழுத்து பத்தாயிரத்தைக் குறிப்பது. ஆக, மேசையில் புரள்வது பணத்தின் படம். நம் ஊர்ப் பெண்கள் காசைக் கோத்துக் காசுமாலை போட்டுக்கொண்டதைப் போலத்தான், காசு செதுக்கிய காயைக் கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொள்வதும். மிச்சமுள்ள 36 காய்களில் திசைக்காற்றுகள் 16, டிராகன்கள் 12, பூவும் பருவமும் சேர்ந்து 8.

மூங்கில் வரிசையின் முதல் காயில் மட்டும் கழிக்குப் பதிலாக ஒரு பறவை இருக்கும். சில செட்டுகளில் அது சிட்டுக்குருவி, சிலவற்றில் மயில், இன்னும் சிலவற்றில் நாரை. செதுக்குபவர் தன் கைத்திறனைக் காட்ட வாய்த்த இடம் அதுவும் பூக்காய்களும்தாம். மற்றக் காய்களில் கணக்குப் பிசகாமல் வட்டமும் கோடும் போட்டாக வேண்டும்; பறவையில் மட்டும் அவர் கொஞ்சம் பறக்கலாம். நகை செய்பவர்கள் இன்று முதலில் தேடி எடுப்பதும் அந்தப் பறவையைத்தான்.

பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இந்தக் காய் புதியதல்ல. சீன அண்டை வீட்டில் புத்தாண்டு என்றாலும், துக்க வீட்டில் இரவுக்காவல் என்றாலும், காய் கலைக்கும் சத்தம் சுவரைத் தாண்டி விடியும்வரை கேட்கும். 2018இல் வெளிவந்த ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ படத்தின் முக்கியமான மாஜாங் காட்சி எடுக்கப்பட்டதும் பினாங்கின் சியோங் ஃபாட் ட்ஸே மாளிகையில்தான். ஆனால் காய் நகையான கதையின் பெரும்பகுதி நடந்தது அமெரிக்காவில்.

அதைத் தொடங்கிவைத்தவர் ஜோசப் பார்க் பாப்காக். ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்துக்காகச் சூச்சோ நகரில் வேலை பார்த்தவர். ஆட்டத்தை அங்கே கற்றுக்கொண்டார். வெளிநாட்டவருக்குப் புரியும்படி விதிகளைச் சுருக்கி 1920இல் சிவப்பு அட்டைப் புத்தகமாக வெளியிட்டார். காயின் மூலையில் ஆங்கில எண்களையும் எழுத்துகளையும் சேர்க்கச் செய்தார். இந்தச் சின்ன எண்தான் இன்று பழங்காய் வாங்குவோருக்கு முதல் தடயம். எண் இருந்தால் ஏற்றுமதிக்குச் செய்தது. இல்லாவிட்டால் பெரும்பாலும் சீனருக்காகவே செய்தது.

1922 முதல் அமெரிக்காவில் பிடித்த மாஜாங் காய்ச்சல் மூன்று ஆண்டுகளுக்குள் உச்சிக்குப் போய் இறங்கியது. நியூயார்க்கின் ஏபர்குரோம்பி அண்ட் ஃபிட்ச் கடை செட்டுகளை அடுக்கி விற்றது. பார்க்கர் பிரதர்ஸ் உரிமை வாங்கிக் களத்தில் குதித்தது. 1923இல் ஷாங்காயிலிருந்து அமெரிக்கா போன சரக்குகளில் மாஜாங் செட்டுக்கு ஆறாமிடம் என்றும் அதன் மதிப்பு 15 லட்சம் டாலர் என்றும் அந்நாளைய கணக்குகள் சொல்கின்றன. தட்டுப்பாடு வந்தது மரத்துக்கோ மூங்கிலுக்கோ அல்ல, எலும்புக்குத்தான். சிகாகோ எலும்பு கடல் கடந்த காரணம் அதுவே.

எல்லா எலும்பும் காய்க்கு ஆகாது. விலா எலும்பு மெல்லியது. உள்ளே பஞ்சுபோல் இருக்கும். முழங்காலுக்குக் கீழே உள்ள நீண்ட எலும்புக்குத்தான் சுவர் தடிமன். அந்தச் சுவரிலும் ஒழுங்கான சதுரப் பட்டை அதிகம் கிடைக்காது. எனவே காயின் முகம் மட்டும் எலும்பு, முதுகு மூங்கில். பொருத்திய விதத்தில்தான் வேலைப்பாடு தெரியும். எலும்பின் அடிப்பக்கத்தைப் புறாவின் வால்போல் விரிவாகச் செதுக்கி, மூங்கிலில் அதற்கேற்ற பள்ளம் வெட்டிப் பக்கவாட்டில் செருகிவிடுவார்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் வெள்ளையும் பழுப்பும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்பது தெரியும். எலும்பு எவ்வளவு தடிமனோ அவ்வளவு உயர்ந்த செட்.

எலும்பை யானைத் தந்தம் என்று சொல்லி விற்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் ஏமாற வேண்டியதில்லை. எலும்பில் ரத்தக்குழாய் ஓடிய நுண்துளைகள் கரும்புள்ளியாகவோ சிறு கீறலாகவோ தெரியும். தந்தத்தில் அவை இருக்காது. குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும். இது வெறும் ரசனை சார்ந்த விஷயமில்லை. தந்தத்தை நாடு விட்டு நாடு விற்பதை சர்வதேச ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. பழைய காயில் நகை செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர், கையில் இருப்பது மாடா யானையா என்று தெரிந்துகொள்ளாமல் தபாலில் போட முடியாது.

இதற்கிடையே நியூயார்க் மாநிலத்தின் யாங்கர்ஸ் நகரில், பெல்ஜியத்தில் பிறந்த லியோ பேக்லண்டு தன் வீட்டு ஆய்வுக்கூடத்தில் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துச் சூடும் அழுத்தமும் கொடுத்து ஒரு கெட்டிப் பொருளைப் படைத்திருந்தார். 1907இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1909இல் உலகுக்கு அறிவித்தார். பேக்கலைட் என்று பெயர். முழுக்க முழுக்க செயற்கையாக உருவான முதல் பிளாஸ்டிக் அது. மின்சுவிட்சு, தொலைபேசி, ரேடியோப் பெட்டி என்று கறுப்பும் பழுப்புமாக எங்கும் நுழைந்தது. 1927இல் காப்புரிமை காலாவதியானது. அதே பிசினை வேறு முறையில், மரத்தூள் போன்ற நிரப்பிகள் சேர்க்காமல், ஈய அச்சுகளில் ஊற்றி மெதுவாக இறுகவைத்து, பளிச்சென்ற நிறங்களில் எடுத்தது கேட்டலின் என்ற நிறுவனம். சிவப்பு, பச்சை, ஆரஞ்சு, பளிங்குபோல் இழையோடும் வெள்ளை என்று எல்லாம் வந்தன. இன்று சந்தையில் ‘பேக்கலைட் நகை’ என்று விற்பதில் பெரும்பங்கு உண்மையில் இந்த வார்ப்புப் பிசின்தான்.

இங்கேதான் காயும் நகையும் ஒரே கூரையின்கீழ் வந்தன. வார்ப்புப் பிசின் குழாயாகவும் தண்டாகவும் தகடாகவும் ஆலையிலிருந்து வந்தது. குழாயைக் குறுக்கே சீவினால் வளையல். தண்டைத் துண்டாக்கினால் பகடை, பொத்தான், மாஜாங் காய். பெரும் பொருளாதார மந்தக் காலத்தில் பொன்னும் கல்லும் வாங்க வழியில்லாத பெண்கள், சொற்பக் காசுக்கு இந்த வளையல்களை வாங்கிக் கைநிறையப் போட்டுக்கொண்டார்கள். அதே வீடுகளில் சாயங்காலம் மேசையில் விரிந்த காய்களும் அதே பிசின். செதுக்கும் கருவி ஒன்று, மெருகேற்றும் சக்கரம் ஒன்று. எண்பது ஆண்டு கழித்து யாரோ காயை வளையலாக்கியதைப் பார்த்து வியப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பிரிந்துபோன உடன்பிறப்புகள் மறுபடி சந்தித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

1937இல் நியூயார்க்கில் தேசிய மாஜாங் லீக் உருவானது. தொடங்கியவர்கள் பெரும்பாலும் யூதப் பெண்கள். ஒவ்வோர் ஆண்டும் வெல்லும் கைகளைப் பட்டியலிட்டு ஓர் அட்டை அச்சிட்டார்கள்; அந்த வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. கேட்ஸ்கில் மலைப்பகுதிக் கோடை விடுதிகளில் கணவர்கள் நகரத்தில் வேலைக்குப் போய்விட, பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாள் முழுக்க ஆடினார்கள். அட்டை விற்ற பணத்தில் தர்ம காரியங்கள் நடந்தன. நியூயார்க்கின் யூத மரபு அருங்காட்சியகம் 2010இல் இந்த வரலாற்றை ஒரு கண்காட்சியாகவே வைத்தது. சீனாவில் பிறந்த ஆட்டம் அமெரிக்க யூதக் குடும்பங்களில் பாட்டி சொத்தாக மாறிய விந்தையை அதில் காணலாம்.

லீக்கின் விதிகள் காய்களின் தலையெழுத்தை மாற்றின. தொடக்கத்தில் எட்டாக இருந்த பூக்காய்களின் எண்ணிக்கை, 1950களில் இருபதைத் தாண்டியது. 1960களின் தொடக்கத்தில் ஜோக்கர் வந்தது. 1971இல் எட்டுப் பூ, எட்டு ஜோக்கர், மொத்தம் 152 காய் என்று நிலைத்தது. விதி மாறும்போதெல்லாம் யாரும் புதுச் செட் வாங்கவில்லை. பக்கத்துக் கடையில் உதிரியாகப் பூக்காய் வாங்கினார்கள். பிறகு பூ மிஞ்சியதும் அதன் முகத்தில் ஜோக்கர் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஸ்டிக்கர் கிடைக்காதவர்கள் நகப்பூச்சை எடுத்து ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டார்கள். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய நகப்பூச்சு உரியாமல் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் காய்கள் இன்றும் கைக்கு வருகின்றன. பழங்காயை வேறொன்றாக்கும் வேலை, நகைக்காரர் கைக்கு வருவதற்கு முன்பே, ஆடியவர்களின் சமையலறை மேசையில் நடந்து முடிந்திருந்தது.

உபரிப் பூக்களும் கைவிடப்பட்ட ஜோக்கர்களும் பெட்டியின் மூலையில் தங்கின. நகைக்குப் போன முதல் காய்கள் பெரும்பாலும் இப்படி மிஞ்சியவையாகவே இருந்திருக்கும்.

ஆனால் முழுச் செட்டே அநாதையாவதற்கு வேறு காரணம் உண்டு. மாஜாங்கில் காயின் முதுகு எதிராளியின் பக்கம் திரும்பியிருக்கும். ஒரே ஒரு காயின் முதுகில் நிறம் சற்று வேறுபட்டாலும் அது அடையாளம் வைத்த சீட்டுக்குச் சமம். எல்லோருக்கும் அது என்ன காய் என்று தெரிந்துவிடும். காய் ஒன்று தொலைந்தால் அதேபோல் இன்னொன்று வாங்கிப் போட்டுவிடலாமே என்றால், பிசின் விடுவதில்லை. வார்ப்புப் பிசின் காற்றும் வெளிச்சமும் பட்டு மேற்பரப்பில் மஞ்சளடிக்கும். வெள்ளையாகப் பிறந்த காய் வெண்ணெய் நிறமாகி, பிறகு தேன் நிறமாகும். நீலத்தின்மேல் மஞ்சள் படிந்தால் பச்சையாகத் தெரியும். ஒரு வீட்டில் ஜன்னலோரம் இருந்த செட்டும் இன்னொரு வீட்டில் பரண்மேல் இருந்த செட்டும், ஒரே ஆலையில் ஒரே ஆண்டு பிறந்திருந்தாலும், ஒன்றோடொன்று ஒட்டாது. இரண்டு காய் குறைந்த செட் ஆட்டத்துக்கு உதவாது. மீதி நூற்றைம்பது காயும் அழகு குலையாமல் இருக்கும். அதைக் குப்பையில் போட மனம் வராது. நகைத் தொழிலுக்குக் காய் வந்து சேர்ந்த வழி இதுதான்.

இதே வழியில் முன்பு வேறொரு காயும் நடந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செல்வர் வீடுகளில் சீட்டாட்டத்தின் பணயக் கணக்குக்குச் சிப்பிக் காய்கள் பயன்பட்டன. முத்துச்சிப்பி ஓட்டின் பளபளக்கும் உட்புறத்தை வட்டமாகவும் நீள்சதுரமாகவும் மீனாகவும் அறுத்துச் செய்தவை. செய்த இடம் சீனாவின் கான்டன் துறைமுகம். குடும்பச் சின்னத்தை வரைந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் கொடுத்தனுப்பினால், அதைச் சிப்பியில் செதுக்கி அடுத்தடுத்த கப்பலில் அனுப்பிவைப்பார்கள். போய்வர ஓராண்டுக்கு மேலாகும். ஓரத்தில் தாமரையும் கொடியும், நடுவில் ஏதோ ஓர் ஆங்கிலப் பிரபுவின் சின்னமும் என்று மயிரிழை நுணுக்கத்தில் செதுக்கியிருப்பார்கள். ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் தான் தோற்ற மீன்களையும் ஜெயித்த மீன்களையும் பற்றி லிடியா ஓயாமல் பேசிக்கொண்டு வருவாளே, அந்த மீன்கள் இப்படிப்பட்ட காய்கள்தாம்.

19ஆம் நூற்றாண்டு நடுவில் அந்தச் சீட்டாட்டங்களின் மோகம் தணிந்தது. காய்கள் அரக்குப் பெட்டிகளில் தூங்கின. பெட்டியைத் திறந்த அடுத்த தலைமுறை, சிப்பியில் துளையிட்டுக் கழுத்தில் தொங்கவிட்டது, சட்டைக்குப் பொத்தானாகத் தைத்தது. பழம்பொருள் கடைகளில் துளை விழுந்த கான்டன் காய்கள் அடிக்கடி கண்ணில் படும். சேகரிப்பாளர் அதைக் குறை என்பார். ஒரு பெண் அந்தக் காயைத் தன் உடம்பில் அணியும் அளவுக்கு நேசித்தாள் என்பதற்கான தடயம் அந்தத் துளை என்று சொல்வதே நியாயம்.

மாஜாங்குக்குத் திரும்புவோம். இரண்டாம் உலகப் போரில் ஃபீனால் ராணுவத் தேவைக்குப் போய்விட்டது. போருக்குப் பிறகு, அச்சில் பாய்ச்சி நொடியில் எடுக்கும் மலிவான பிளாஸ்டிக்குகள் வந்தன. ஊற்றி, இறுகவைத்து, அறுத்து, கையால் மெருகேற்றிய பிசின் அவற்றின்முன் விலைக்கு நிற்கவில்லை. வளையல் செய்வது நின்றது. காய் செய்வதும் மெல்ல வேறு பிளாஸ்டிக்குக்கு மாறியது. நின்றுபோனதும் அருமை கூடியது. ஓவியர் ஆண்டி வார்ஹோலின் சேகரிப்பில் பேக்கலைட் வளையல்களும் இருந்தன. அவர் இறந்த மறு ஆண்டு, 1988இல், சோதபீஸ் ஏலத்தில் அவருடைய பொருட்கள் பத்து நாள் விற்றன. பாட்டி காலத்துப் பிளாஸ்டிக்கை அலமாரியிலிருந்து வெளியே எடுக்கப் பலருக்கும் தைரியம் வந்த காலம் அது.

1995இல் ஈபே வந்தது, 2005இல் எட்ஸி. உதிரிக் காய்களை எடைக்கும் எண்ணிக்கைக்கும் விற்கும் சந்தை உருவானது. பறவை, பூ, சிவப்பு டிராகன் மூன்றுக்கும் தனி விலை. வெறும் வெள்ளை முகத்தோடு இருக்கும் வெள்ளை டிராகனை முன்பு யாரும் சீந்தவில்லை. அதில் தங்கள் பெயரையோ படத்தையோ பொறித்துக்கொள்ளலாம் என்று கண்டபிறகு அதற்கும் ஆள் வந்தது.

செய்முறையைப் பார்த்தால், கேட்பதற்குத் தோன்றுவதைவிட நிதானம் தேவைப்படும் வேலை. காய் கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் நீளம், இரண்டு அகலம், ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் தடிமன். கைக்குக் கோக்க ஒரு துளை போதாது. ஒற்றைத் துளையில் கோத்தால் காய் சுழன்று முகம் உள்ளே திரும்பிவிடும். ஆகவே அகலத்தின் ஊடாக, மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு இணைத் துளைகள் போட்டு, இரட்டை எலாஸ்டிக்கில் கோத்து, இடையிடையே மணி சேர்க்க வேண்டும். டிரில் வேகமாக ஓடினால் பிசின் சூடாகி ஓரம் பிளக்கும். மெதுவாக ஓட்டி, காயைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் துளைக்க வேண்டும். தண்ணீருக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பிசினின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்தில் துளைத்தால் தூள் பறக்காது. முகக்கவசமும் வேண்டும். இதைச் சொல்லாமல் ‘ஐந்து நிமிடத்தில் அழகான வளையல்’ என்று கற்றுக்கொடுப்பவர்கள் பெரிய தவறு செய்கிறார்கள்.

எலும்பு-மூங்கில் காய் வேறு ரகம். பழைய மூங்கில் நார் வழியே விரிசல் விடும். பசை காய்ந்த காயில் எலும்பும் மூங்கிலும் செருகிய இடத்தில் தளர்ந்திருக்கும். தட்டினால் கழன்று வரும். சிலர் எலும்பு முகத்தை மட்டும் எடுத்து மோதிரத்திலோ கைப்பித்தானிலோ பதிக்கிறார்கள். அப்போது அந்தப் புறாவால் பொருத்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. காயின் பாதி அழகு போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

கையில் இருப்பது உண்மையான பிசினா என்று சோதிப்பதற்கும் வழக்கமான முறைகள் உண்டு. கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தால் ஃபார்மலின் வாடை லேசாக வரும். வெந்நீரில் நனைத்தாலும் வரும். சிமிக்ரோம் என்ற உலோக மெருகுப் பசையை வெள்ளைத் துணியில் தொட்டுத் துடைத்தால் துணி மஞ்சளாகும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய முறையை விட்டுவிட வேண்டும். காய் செல்லுலாய்டாக இருந்தால் தீப்பிடித்துக்கொள்ளும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்களும் யோசிக்க வேண்டும். மேலே உள்ள தேன் நிறம் மிக மெல்லிய படலம். தேய்த்தால் உள்ளிருந்து பழைய வெள்ளை எட்டிப்பார்க்கும். எண்பது ஆண்டு வெளிச்சம் தீட்டிய நிறத்தை நாலு இழுப்பில் எடுத்துவிடலாம், திரும்பக் கொண்டுவர முடியாது.

இந்தத் தொழிலில் ஆறாத ஒரு சச்சரவு உண்டு. முழுமையான பழைய செட்டை உடைத்துக் காய் காயாக விற்றால், மொத்தமாக விற்பதைவிட அதிக லாபம் வரும் காலம் ஒன்று வந்தது. பெட்டி, காய் நிறுத்தும் சட்டம், கணக்குக் குச்சிகள், விதிப்புத்தகம் எல்லாம் தனித்தனியே போயின. சேகரிப்பாளர்கள் இதைக் கண்டு பொருமுகிறார்கள். குறைபட்ட செட்டிலிருந்து மட்டும் எடுங்கள், முழுச் செட்டைத் தொடாதீர்கள் என்று நகைக்காரர்களிடம் மன்றாடுகிறார்கள். நியாயம் அவர்கள் பக்கம்தான். 152 காயும் ஒரே வெயிலில் ஒரே நிறமாய்ப் பழுத்த செட் இனி ஒருநாளும் உருவாகப் போவதில்லை. ஒற்றைக்காய்க்கு ஏற்கனவே வீடில்லை. அதைக் கழுத்தில் போட்டுக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. நேர்மையான நகைக்காரர்கள் இப்போது இந்த வேறுபாட்டைப் பார்க்கிறார்கள். சிலர் ஒரு படி மேலே போய், தங்களிடம் வரும் உதிரிகளில் யாருடைய செட்டுக்காவது பொருந்தும் காய் இருந்தால் துளை போடாமல் எடுத்துவைத்துக் கொடுக்கிறார்கள்.

ஸ்கிராபிளுக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. ஆல்ஃபிரட் பட்ஸ் 1930களில் உருவாக்கி, ஜேம்ஸ் புருனோ 1948இல் பெயர் மாற்றிச் சந்தைக்குக் கொண்டுவந்த ஆட்டம் அது. நூறு மரக்காய்கள், லட்சக்கணக்கான வீடுகள். ஒரு செட் போனால் அடுத்தது கிடைக்கும். காயின் வெறும் முதுகில் வண்ணக் காகிதம் ஒட்டி, மேலே கண்ணாடிபோல் பசை ஊற்றிப் பதக்கமாக்குவது 2000களின் பிற்பகுதியில் பரவலாக நடந்தது. திருப்பிப் பார்த்தால் எழுத்து அப்படியே இருக்கும்.

சீனாவில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 1949க்குப் பிறகு மக்கள் சீனத்தில் மாஜாங் சூதாட்டம் என்று தடை செய்யப்பட்டது. 1980களில்தான் மூச்சு விட்டது. தடைக் காலத்தில் கையால் செதுக்கும் தொழில் ஹாங்காங்கில் உயிரோடு இருந்தது. அங்கே செதுக்குபவர் பிளாஸ்டிக் காய்களை வரிசையாக அடுக்கி, மின்விளக்கின் சூட்டில் இளக்கிக்கொள்வார். வட்டத்துக்கு ஒரு துரப்பணக் கருவி, எழுத்துக்கு ஒரு கூர் உளி. கோடு எதையும் முன்கூட்டி வரைவதில்லை. கை அறிந்த வடிவம். பிறகு பள்ளத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று வண்ணம் அப்பி, காய்ந்ததும் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்தால் பள்ளத்தில் மட்டும் நிறம் தங்கும். தானியங்கி மாஜாங் மேசைகளும் இயந்திரச் செதுக்கலும் வந்து இந்தத் தொழிலை ஒடுக்கிவிட்டன. 2014இல் ஹாங்காங் அரசு வெளியிட்ட 480 கலாசார மரபுகளின் பட்டியலில் மாஜாங் காய் செய்யும் கலையும் இடம்பெற்றது. அப்போதே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கடைகள் மிஞ்சியிருந்தன.

அந்தக் கடைகளைத் தேடி இப்போது வருபவர்களில் பலர் ஆட்டக்காரர்கள் அல்ல. பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டி, ஒரு மணியோ இரண்டு மணியோ உட்கார்ந்து, ஒரே ஒரு காயில் தன் பெயரையோ குழந்தையின் பெயரையோ செதுக்கி, சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். செதுக்குபவர் அவர்களுக்கு உளி பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறார், கோணல் விழுந்த கோட்டைத் திருத்துகிறார், வண்ணம் அப்பித் தருகிறார். மேசைமேல் ஒருநாளும் புரளாத, எந்தச் செட்டிலும் சேராத, நகையாகவே பிறக்கும் மாஜாங் காய்கள் அவை. முழுச் செட்டுக்கு வாடிக்கையாளர் குறைந்த நாட்களில் கடை வாடகைக்குக் கைகொடுப்பது இந்த ஒற்றைக்காய்கள்தாம்.